நாய்க்குட்டியும் கால்மிதியும்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

குட்டி வந்த வீட்டில் முதல் வாரம் முடிவதற்குள் இந்தப் புகார் எழுந்துவிடும்: “அரை மணி நேரம் வெளியே நின்றோம், ஒன்றும் போகவில்லை. உள்ளே வந்ததும் கால்மிதியில் போய்விட்டது.” வேண்டுமென்றே செய்கிறது என்பார் ஒருவர். செல்லம் கொடுத்துக் கெடுத்தாகிவிட்டது என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை. குட்டி தன் கணக்கில் சரியாகத்தான் செய்திருக்கிறது.

பிறந்த முதல் இரண்டு மூன்று வாரம் தாய்நாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்குச் சிறுநீரும் மலமும் வெளியேறும். அதைத் தாயே தின்று படுக்கையைச் சுத்தமாக்கிவிடும். கண் திறந்து நடக்கத் தொடங்கியதும் குட்டி படுக்கையை விட்டு நாலடி தள்ளிப் போய் இருந்துவிட்டு வரும். பிறகு ஏழு முதல் ஒன்பது வாரத்துக்குள், எந்த மாதிரித் தரையில் போவது என்ற பழக்கம் பாதத்தின் வழியே படிந்துவிடுகிறது. மண்ணில் வளர்ந்த குட்டி மண்ணைத் தேடும். சாக்கில் வளர்ந்த குட்டி துணியைத் தேடும். நம் வீட்டுத் தரையில் அதற்குக் கைக்கெட்டிய துணி கால்மிதிதான்.

ஆகவே சுத்தம், அசுத்தம் என்ற பேச்சு அதற்குப் புரியப் போவதில்லை. ‘எங்கே’ என்பதை மட்டுமே கற்றுக்கொடுக்க முடியும். அதைக் கற்றுக்கொடுப்பவை மூன்று: பாதம், மூக்கு, நேரம். கீழே வருபவை எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கும்.

இடம்

செய்ய வேண்டியவை

• குட்டி வருவதற்கு முன்பே இடத்தை முடிவு செய்யுங்கள். தனி வீடென்றால் கொல்லையில் ஒரு மூலை. மாடி வீடென்றால் பால்கனியில் மண்ணோ புல்லோ நிரப்பிய ஒரு தட்டு. முதல் சில மாதங்களுக்கு அது மாறக்கூடாது.

• குட்டியைக் கொடுப்பவரிடம், “இதுவரை எதன்மேல் போய்ப் பழகியிருக்கிறது?” என்று கேளுங்கள். மண்ணா, காகிதமா, சிமெண்டா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முடிந்தால் அங்கே நனைந்த காகிதத்தையோ ஒரு பிடி மண்ணையோ வாங்கி வந்து உங்கள் இடத்தில் போடுங்கள். மூக்கு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

• எட்டு வாரம் நிறைந்த குட்டியையே வாங்குங்கள். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் அதற்கு முன் விற்கக்கூடாது என்கின்றன. படுக்கையை விட்டுத் தள்ளிப் போக வேண்டும் என்ற முதல் பாடத்தைக் குட்டி தாயிடமும் உடன்பிறந்தவற்றோடும் இருந்துதான் கற்கிறது.

• கால்மிதிகளைச் சில மாதம் சுருட்டி எடுத்து வையுங்கள். தரைவிரிப்பு, கீழே கிடக்கும் துண்டு, மூலையில் குவிந்த அழுக்குத் துணி எல்லாவற்றையும்தான். ஆசை காட்டும் துணியை எடுத்துவிட்டால் கண்டிக்க வேண்டிய தேவையே வராது.

செய்யக்கூடாதவை

• வீடு முழுவதையும் முதல் நாளே திறந்து விடாதீர்கள். மூன்று அறைக்கு அப்பால் இருக்கும் பால்கனியை நினைவில் வைத்து ஓடிப் போகும் வயதில்லை அது. ஓர் அறை பழகிய பிறகு அடுத்த அறை.

• செய்தித்தாளைப் பழக்கினால் அதையே நிரந்தரமாக்காதீர்கள். காகிதத்தில் போகப் பழகிய குட்டிக்கு நேற்றைய தாள், இன்றைய தாள் என்ற வேறுபாடு கிடையாது. தாத்தா படித்துவிட்டுத் தரையில் வைத்த ஞாயிறு இணைப்பும் அதன் கழிப்பறைதான். மண் தட்டின்மேல் தாளை விரித்து, நாளுக்கு நாள் தாளைச் சிறிதாக்கி, கடைசியில் மண்ணை மட்டும் விடுங்கள்.

• சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், படுக்கை ஆகியவற்றின் பக்கத்தில் கழிப்பிடத்தை வைக்காதீர்கள். உண்ணும் இடத்திலும் உறங்கும் இடத்திலும் போகக்கூடாது என்ற இயல்பு குட்டிக்கு உண்டு. அதுதான் நமக்குள்ள பெரிய துணை. அதற்கு எதிராக வீட்டை அமைத்தால் பழக்கம் படியாது.

நேரம்

செய்ய வேண்டியவை

• தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு ஐந்து முதல் முப்பது நிமிடத்துக்குள், விளையாடி முடித்ததும், படுக்கப் போகுமுன் என்று அழைத்துப் போங்கள். இரைப்பை நிரம்பினால் குடல் அசையும். அதனால்தான் சாப்பாட்டுக்குப் பின் குட்டி அவசரப்படுகிறது.

• எத்தனை மாதமோ ஏறக்குறைய அத்தனை மணி நேரம் அடக்கும் என்பது நாய் வளர்ப்பவர்களின் பொதுக்கணக்கு. இரண்டு மாதக் குட்டி இரண்டு மணி நேரம். அதுவும் சும்மா கிடக்கும்போது மட்டும். ஓடியாடும்போது அரை மணிக்கு ஒருமுறை வந்தாலும் வியப்பில்லை.

• நேரத்துக்குச் சாப்பாடு போடுங்கள். வேளை தவறாமல் உள்ளே போனால் வேளை தவறாமல் வெளியே வரும். சிறு குட்டிக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, பதினைந்து இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள்.

• அறிகுறியைப் படியுங்கள். விளையாடிக்கொண்டிருந்தது திடீரென நிறுத்திவிட்டுத் தரையை முகரும், வட்டமடிக்கும், சோபாவுக்குப் பின்னால் நழுவும். அந்த நொடியில் தூக்கிக்கொண்டு இடத்துக்குப் போங்கள்.

• கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி அழைத்துப் போய், ஐந்து பத்து நிமிடம் பேசாமல் ஒரே இடத்தில் நில்லுங்கள். போகவில்லையா? உள்ளே வந்ததும் மடியிலோ கயிற்றிலோ கண்பார்வையிலேயே வைத்திருந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி கொண்டுபோங்கள். தொடக்கத்தில் சொன்ன புகாருக்கு விடை இதுதான்.

• வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். ‘மூச்சா’ என்றால் மூச்சா, ‘உச்சா’ என்றால் உச்சா. குட்டி போகும் கணத்தில் மெதுவாக அந்தச் சொல்லைச் சொல்லிவந்தால், சில வாரத்தில் சொல்லைக் கேட்டதும் போகத் தொடங்கும். மழை நாளில் இதன் அருமை தெரியும்.

• போய் முடித்த இடத்திலேயே, முடித்த ஓரிரு நொடிக்குள் ஒரு துண்டு வேகவைத்த கோழியோ அது விரும்பும் வேறு தீனியோ கொடுங்கள். வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்த பரிசு என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

செய்யக்கூடாதவை

• தண்ணீரைக் குறைக்காதீர்கள். “தண்ணி குடுத்தாத்தானே போகும்” என்ற யோசனை நம்மூர் வெயிலில் ஆபத்தானது. படுப்பதற்கு முந்தைய ஓரிரு மணி நேரம் மட்டும் கிண்ணத்தை எடுத்து வைக்கலாம், அதுவும் கடும் வெப்ப நாளில் வேண்டாம்.

• பசும்பாலும் பால்சோறும் வேண்டாம். தாய்ப்பாலை மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடும். அதனால் வயிற்றுப்போக்கு வரும். வயிற்றுப்போக்கு உள்ள குட்டிக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. பூண்டு தட்டிப்போட்ட ரசமும் வெங்காயம் நீந்தும் சாம்பாரும் இன்னும் மோசம், பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

• போய் முடித்த கையோடு உள்ளே இழுத்து வராதீர்கள். போனால் ஆட்டம் முடிந்துவிடும் என்று கண்டுகொண்ட குட்டி, முடிந்தவரை அடக்கிவைக்கப் பழகும். பரிசு கொடுத்து, கொஞ்சம் விளையாடவிட்டு அழைத்து வாருங்கள்.

வீட்டுக்குள் போய்விட்டால்

செய்ய வேண்டியவை

• போய்க்கொண்டிருக்கும்போது பார்த்தால் மென்மையாகக் கைதட்டி நிறுத்தி, தூக்கிச் சென்று இடத்தில் விடுங்கள். மிச்சத்தை அங்கே முடித்தால் பரிசு உண்டு.

• பிறகு பார்த்தால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். எந்த நேரத்தில், எந்த அறையில் என்று மட்டும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். நாலு நாள் குறித்தால் காரணம் தானாகத் தெரியும்: மாலை ஆறு மணிக்கு எல்லோரும் குட்டியை விட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

• வாசனையை வேரோடு எடுங்கள். முதலில் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வளர்ப்புப் பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றிக் குறிப்பிட்ட நேரம் ஊறவிடுங்கள். சிறுநீரின் மிச்சம் வெறும் தண்ணீரில் முழுதாகப் போகாது. காற்றில் ஈரம் ஏறும் நாளில் பழைய வாடை திரும்ப எழுவது அதனால்தான். நமக்கே வாடை வந்தால், குட்டிக்கு அது பெயர்ப்பலகை.

செய்யக்கூடாதவை

• மூக்கைப் பிடித்து அதில் தேய்க்காதீர்கள், அடிக்காதீர்கள், செய்தித்தாளைச் சுருட்டி ஓங்காதீர்கள். இருந்தது தவறு என்று குட்டி கற்றுக்கொள்ளாது. உங்கள் முன்னால் இருந்தது தவறு என்றுதான் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் போகும். வெளியே கயிற்றோடு நீங்கள் நிற்கும்போது எவ்வளவு முட்டினாலும் அடக்கிக்கொள்ளும்.

• “தப்பு செஞ்சது தெரியும், முகத்தைப் பாரு” என்று சொல்லாதீர்கள். காதை மடக்கி, கண்ணைத் திருப்பி, உடலைக் குறுக்குவது உங்கள் குரலுக்கும் முகத்துக்கும் அது காட்டும் அச்சம். அரை மணி நேரத்துக்கு முந்தைய சிறுநீருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

• பினாயில் ஊற்றாதீர்கள். கறுப்பு பினாயிலிலுள்ள ஃபீனால் வகை இரசாயனங்கள் நாய்க்கு நஞ்சு. குட்டி அதில் நடந்து பாதத்தை நக்கும். நம் மூக்கை ஏமாற்றும் அந்த வாசனை அதன் மூக்கை ஏமாற்றுவதுமில்லை. அமோனியா கலந்த திரவங்களும் கூடாது, சிறுநீரின் வாடையே அமோனியாதான்.

• பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர்மேல் நேரடியாகத் தூவாதீர்கள், வினிகரோடும் கலக்காதீர்கள். இரண்டிலும் நச்சு வாயு கிளம்பும். மொசைக், மார்பிள் தரையில் வினிகரே வேண்டாம், பளபளப்பு போய்விடும்.

இரவும் தனிமையும்

செய்ய வேண்டியவை

• குட்டி எழுந்து நிற்கவும் திரும்பவும் கால் நீட்டிப் படுக்கவும் போதுமான கூண்டு ஒன்றை வைத்து, அதற்குள் சாப்பாடு போட்டு, விரும்பிப் போகும்படி பழக்குங்கள். படுக்கையை நனைக்க விரும்பாத இயல்பு அங்கே உங்களுக்காக வேலை செய்யும்.

• இரவில் கூண்டை உங்கள் கட்டில் அருகே வையுங்கள். முனகினால் விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், தூக்கிச் சென்று இருக்கவிட்டுத் திரும்பப் படுக்கவையுங்கள். நடு இரவு விளையாட்டு நேரம் ஆகிவிடக்கூடாது.

செய்யக்கூடாதவை

• காலையில் கூண்டில் அடைத்துவிட்டு மாலையில் வந்து திறக்காதீர்கள். வேறு வழியின்றிப் படுக்கையிலேயே போன குட்டிக்கு அந்த அருவருப்பு மெல்ல மரத்துப்போகும். மரத்துவிட்டால் அதை மீட்பது மிகக் கடினம். பகலெல்லாம் ஆளில்லாத வீடென்றால், சிறு அறையில் ஒரு பக்கம் படுக்கையும் மறுபக்கம் மண் தட்டும் வைத்து, நடுவில் ஒருமுறை வந்து பார்க்க யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள். அதற்கும் வழியில்லாத வீட்டில் இப்போதைக்குக் குட்டி வேண்டாம்.

வெயில், மழை, தெரு

செய்ய வேண்டியவை

• மொட்டை மாடிதான் கழிப்பிடம் என்றால், உங்கள் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஏழு நொடி வைக்க முடியவில்லையென்றால் குட்டியின் பாதமும் தாங்காது. நிழலில் ஈரச்சாக்கோ மண் தட்டோ வேண்டும்.

• ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்பே கூரையுள்ள ஓர் இடத்தைப் பழக்கிவிடுங்கள். மழையில் நனைய மறுத்து மணிக்கணக்கில் அடக்கும் குட்டிகள் பல. நீங்கள் பிடிக்கும் குடைக்கடியில் நிற்கவும் முன்பே பழக்கலாம்.

• நடக்கப் போகும்போது பழைய செய்தித்தாளோ பையோ எடுத்துச் செல்லுங்கள். போனதை அள்ளிக் குப்பைத்தொட்டியில் போடுவது நாகரிகம் மட்டுமில்லை. கொக்கிப்புழு, உருளைப்புழு முட்டைகள் மலத்தில் விழுந்தவுடன் தொற்றுவதில்லை. மண்ணில் சில நாள் முதல் சில வாரம் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். அன்றன்றே அள்ளினால் செருப்பில்லாமல் விளையாடும் தெருப்பிள்ளைகளும் தப்புவார்கள்.

செய்யக்கூடாதவை

• தடுப்பூசிகள் முடியுமுன் தெருநாய்கள் போகும் இடத்தில் குட்டியை இறக்கிவிடாதீர்கள். கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி மலத்தின் வழியே பரவுவது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். அதுவரை சொந்தக் கொல்லை, பால்கனி, மாடி.

• நாய் மலத்தை மாடித்தோட்டக் கீரைக்கு உரமாக்காதீர்கள். உருளைப்புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

• எதிர்வீட்டுக் கோலத்தில் இருக்கவிட்டு வேறுபக்கம் பார்க்காதீர்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாயைத் தடைசெய்யவோ லிஃப்டில் ஏறக்கூடாதென்று சொல்லவோ முடியாது. அதே வழிகாட்டுதல், நாய் போனதை அள்ளும்படி வளர்ப்பவரையும் கேட்டுக்கொள்கிறது. முதல் பாதியை மட்டும் படித்துக்காட்டினால் எந்தச் சங்கக் கூட்டமும் அமைதியாக முடியாது.

முகம் சுளிக்கவைக்கும் பழக்கங்கள்

மலத்தைத் தின்பது. குட்டியாக இருந்தபோது தாய் செய்ததைத்தான் அதுவும் செய்கிறது. ஆராயும் வயது, சலிப்பு, போதாத உணவு, குடற்புழு, அடிக்குப் பயந்து தடயத்தை மறைப்பது என்று காரணங்கள் பல. செய்ய வேண்டியது: போனதும் கூப்பிட்டு வாயில் தீனி கொடுத்து, மறு கையால் மலத்தை உடனே அள்ளுவது. ‘விடு’ என்ற சொல்லை விளையாட்டுப் பொருளை வைத்தே முன்கூட்டிப் பழக்குவது. வீதியில் சாணியைத் தேடிப் போகும் நாய்க்கும் இதுவே மருந்து. செய்யக்கூடாதது: மலத்தின்மேல் மிளகாய்த்தூள் தூவுவது, “சீச்சீ” என்று கத்திக்கொண்டு பாய்வது. நீங்கள் பாய்ந்தால் அது விலைமதிப்புள்ள பொருள் என்று முடிவுகட்டி, முந்திக்கொண்டு விழுங்கிவிடும்.

ஆள் வந்ததும் சிறுநீர் விடுவது. இது பழக்கக் குறைவில்லை, மகிழ்ச்சியோ பணிவோ மிகுந்து தானாக வழிவது. வந்தவர் முதல் சில நிமிடம் குட்டியைக் கண்டுகொள்ளாமல் இருக்கட்டும். பிறகு பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, தலையைத் தடவாமல் மார்பருகே தடவட்டும். திட்டினால் இன்னும் அதிகமாக வரும். பெரும்பாலும் வளர வளரத் தானே நின்றுவிடும்.

காலைத் தூக்கி அடையாளமிடுவது. ஆறு மாதத்துக்குப் பின் ஆண் குட்டி துளசி மாடத்திலும் கதவோரத்திலும் பைக் சக்கரத்திலும் நாலு சொட்டு விடத் தொடங்கும். சக்கரம் ஊரெல்லாம் சுற்றி மற்ற நாய்களின் வாடையைக் கொண்டுவந்திருக்கும், அதற்கு அது பதில் எழுதுகிறது. சக்கரத்தைக் கழுவி உள்ளே நிறுத்துங்கள், வீட்டுக்குள் மறுபடி கண்பார்வையில் வையுங்கள், கருத்தடை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பல நாய்களில் அதற்குப் பின் இது குறையும், எல்லாவற்றிலும் அடியோடு நிற்காது.

பின்புறத்தைத் தரையில் தேய்ப்பது. “பூச்சிதான்” என்று நாமே முடிவுகட்டிக் கடையில் மாத்திரை வாங்கிப் போடக்கூடாது. ஆசனவாயின் இருபுறமும் உள்ள சுரப்பிகள் அடைத்திருக்கலாம், அதை மருத்துவர் அமுக்கி எடுப்பார். மலத்தில் அரிசி போன்ற துணுக்குகள் தெரிந்தால் நாடாப்புழு. அதைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்பதால், உடம்பிலிருக்கும் தெள்ளையும் சேர்த்தே ஒழிக்க வேண்டும்.

பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டியவை

நன்றாகப் பழகிய குட்டி திடீரெனப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாக விட்டால், முக்கினால், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், அது நீர்ப்பாதைத் தொற்றாக இருக்கலாம். வாந்தியோடு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு என்றால் மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது, பார்வோவுக்கு மணி நேரம்தான் கணக்கு. குடற்புழு மருந்தைக் குட்டியின் எடைபார்த்து மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுங்கள். மழைக்காலத்தில் எலிகள் திரியும் வீடென்றால் எலிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். அந்தக் கிருமி நாயின் சிறுநீரிலும் வரும், மனிதரையும் தொற்றும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போட்டே துடையுங்கள்.

எப்போது பழகியது என்று சொல்லலாம்? நான்கு மாதத்துக்கு முன் குட்டிக்கு அடக்கும் தசைகளே முழுமையாக வசப்படுவதில்லை. பெரும்பாலான குட்டிகள் ஆறு மாதத்தை ஒட்டிச் சீராகும், சிறிய இனங்கள் இன்னும் கொஞ்சம் பிந்தும். ஒரு மாதம் முழுவதும் வீட்டுக்குள் ஒருமுறைகூடப் போகவில்லையென்றால் கால்மிதியை எடுத்து விரிக்கலாம். விரித்த வாரத்திலேயே நனைந்தால், கோபப்படாமல் சுருட்டி எடுத்துவிட்டு இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.